விமான எஞ்சினுக்குரிய தீப்பொறிச் செருகி: தேர்வின் அடிப்படைகள்

சிறுரக விமானங்களின் பெற்றோல் எஞ்சினில் ஒவ்வோர் உருளைக்கும் இரு தீப்பொறிச் செருகிகள் உண்டு. அவை தனித்தனியான இரு மக்னீற்றோக்களிலிருந்து மின்னைப் பெறுகின்றன. ஒரு தொகுதி பழுதுறினும் மற்றையது எஞ்சினை இயக்கும் என்பதே இவ்வமைப்பின் நோக்கமாகும். ஆயின், நான்கு உருளை எஞ்சினொன்றின் எட்டு இடங்களிலும் பிழையான செருகியையே பொருத்துவோமாயின் இப்பாதுகாப்புப் பயனற்றுப்போகும். இரு தொகுதிகளும் ஒரே குறையை உடையனவாகிவிடும்.

புரி பொருந்துகின்றது என்பதனால் மட்டும் ஒரு செருகி உரியதாகிவிடாது. அதன் வெப்ப வீச்சே முதன்மையானது. காவலியின் மூக்கு நீண்டிருப்பின் வெப்பம் மெதுவாக வெளியேறும்; அதனைச் 'சூடான' செருகி என்பர். குறுகியிருப்பின் அது 'குளிர்ந்த' செருகியாகும். அளவுக்கு மீறிச் சூடான செருகி, பொறி எழுமுன்னரே கலவையைப் பற்றவைத்து முசலத்தை உருக்கக்கூடும். அளவுக்கு மீறிக் குளிர்ந்ததிலோ, 100எல்எல் எரிபொருளிலுள்ள ஈயத்தின் சேர்வைகள் வெளியேறாது காவலியிற் படியும்; அப்படிவின் வழியே மின் கசிவதாற் பொறி எழாது.

இவ்வியல்புகள் செருகியின் குறியீட்டிலேயே அடங்கியுள்ளன. சம்பியன் ஆர்ஈஎம்40ஈ என்பதில் ஆர் மின்தடையையும், எம் 18 மில்லிமீற்றர்ப் புரியையும், 40 வெப்ப வீச்சையும் குறிக்கின்றன. இவ்வரிசையில் எண் கூடுந்தோறும் செருகி சூடானதாகும்.

ஆகவே வாங்குவோர் முதலில் எஞ்சினின் மாதிரி எண்ணை அறிந்து, அதன்பின் உற்பத்தியாளரின் அங்கீகாரப் பட்டியலை நோக்குதல் வேண்டும். லைக்கொமிங் எஞ்சின்களுக்கு 1042ஆம் இலக்கச் சேவை அறிவுறுத்தல் அப்பட்டியலைத் தருகின்றது. விலை இறுதியாகவே நோக்கற்பாலது. மலிவிற் கிடைக்கும் பொருத்தமற்ற செருகியின் உண்மை விலையை வானிற் பறப்பவரே செலுத்த நேரிடும்.