சிறுதுளைச் சிதறுகுண்டுத் தோட்டா மறுநிரப்பலில் பிரைமர் தெரிவு

ஆய்வுச் சுருக்கம்

சுட்டு முடித்த தோட்டாவின் கூட்டில் பிரைமர், மருந்து, தக்கை, ஈயக் குண்டு ஆகியவற்றை மீண்டும் இட்டுப் பயன்படுத்துவது மறுநிரப்பல் எனப்படும். இவற்றுள் பிரைமரே அளவில் மிகச் சிறியது. ஆயினும் 28 கேஜ், .410 ஆகிய சிறுதுளைத் தோட்டாக்களில் அழுத்தத்தை நிர்ணயிப்பதில் அதன் பங்கு பெரிது. பிரைமரைச் சுட்டும் 209 என்னும் எண் அளவைக் குறிப்பதேயன்றி ஆற்றலைக் குறிப்பதன்று என்பதையும், அதனால் ஒன்றற்கு ஈடாக மற்றொன்றை இடலாகாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மறுநிரப்பல், பிரைமர், சிறுதுளை, .410, அழுத்தம்

முன்னுரை

அமெரிக்க ஸ்கீட் போட்டிகள் 12, 20, 28 கேஜ், .410 என நான்கு துளையளவுகளில் நடைபெறுகின்றன. சிறுதுளைத் தோட்டாக்களின் கடைவிலை மிகுதியாதலால், அவற்றைச் சுடுவோர் பலர் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். 2020ஆம் ஆண்டிற்குப்பின் அந்நாட்டில் பிரைமர்களுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. வழக்கமான பிரைமர் கிடைக்காத நிலையில், கிடைத்ததை இட்டு நிரப்பலாமா என்னும் வினா அப்போது வலுப்பெற்றது. இவ்வினாவிற்கான விடை துளையின் அளவோடு தொடர்புடையது.

துளையும் சுமையும்

குழலின் உள்விட்டத்திற்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை வேண்டுமோ, அவ்வெண்ணிக்கையே கேஜ் ஆகும். எனவே எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 12 கேஜின் உள்விட்டம் 18.5 மி.மீ.; 28 கேஜுக்கு 14 மி.மீ. இம்முறைக்கு விலக்காக, .410 என்பது உள்விட்டத்தையே அங்குலத்தில் சுட்டுகிறது, அது 10.4 மி.மீ. ஆகும்.

ஸ்கீட் போட்டியில் 12 கேஜுக்கு உச்சக் குண்டெடை ஒன்றேகால் அவுன்சுக்கு அரைக்கால் குறைவு, அதாவது 31.9 கிராம். .410க்கு அரை அவுன்சு, அதாவது 14.2 கிராம். எடை பாதிக்கும் கீழாகக் குறைந்தபோதும், துளையின் பரப்பு மூன்றில் ஒரு பங்களவிற்குக் குறைந்துவிடுகிறது. கணக்கிட்டால், 12 கேஜில் ஒரு சதுர மில்லிமீட்டர்ப் பரப்பின்மீது ஏறத்தாழ 0.12 கிராம் குண்டும், 28 கேஜில் 0.14 கிராமும், .410இல் 0.17 கிராமும் அமைகின்றன. அதாவது, .410இல் வாயு தள்ள வேண்டிய சுமை, பரப்பளவு நோக்கில், 12 கேஜைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு மிகுதி. சிறிய தோட்டா மென்மையானது என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தாது.

அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர் அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்துள்ள உச்சச் சராசரி அழுத்தங்களும் இதனைக் காட்டுகின்றன. இரண்டேமுக்கால் அங்குல 12 கேஜுக்குச் சதுர அங்குலத்திற்கு 11,500 பவுண்டு. 28 கேஜுக்கும் இரண்டரை அங்குல.410க்கும் 12,500, மூன்று அங்குல.410க்கு 13,500.

209 என்னும் எண்

209 வகைப் பிரைமர் ஓர் உலோகக் கிண்ணம், அதனுள் அடிபடும் சிறு மூடி, பட்டடை போன்ற தாங்கி, அடியில் நசுங்கித் தீப்பற்றும் கலவை ஆகியவற்றால் ஆனது. துப்பாக்கியின் ஊசி மோதியதும் எழும் தழல், துளை வழியே மருந்துக்குள் பாய்கிறது. வின்செஸ்டர், ரெமிங்டன், ஃபெடரல், சிசிஐ, ஃபியோக்கி, செடைட் ஆகிய நிறுவனங்கள் இவ்வகையைத் தயாரித்துள்ளன. கலவையின் அளவும் சேர்மானமும் தயாரிப்புக்கேற்ப வேறுபடுவதால், தழலின் வெப்பமும் நீடிப்பும் வேறுபடும். ஒரே நிறுவனத்தின் சிசிஐ 209உம் சிசிஐ 209எம் என்பதும் ஒரே துளையில் பொருந்தினும், பின்னது வலியது. ஃபெடரல் 209ஏ வலிய வகையாகவே கருதப்படுகிறது.

எனினும், வலிமையின் வரிசை நிலையானதன்று. மருந்து, கூடு, தக்கை ஆகியவற்றுள் ஒன்று மாறினும் வரிசை மாறக்கூடும். எனவே பிரைமர்களைத் தனியே தரப்படுத்தும் பட்டியல்கள் நிரப்பலுக்குப் போதிய சான்றாகா.

இருதிசைக் கேடு

புகையில்லா மருந்து, அழுத்தம் ஏற ஏற விரைந்து எரியும் இயல்புடையது. .410இல் செறிவான மருந்து குறுகிய இடத்தில் அடைபடுவதால், பிரைமர் வெளியிடும் வாயுவே தொடக்க அழுத்தத்தில் கணிசமான பங்கு வகிக்கிறது. தேவைக்கு மீறி வலிய பிரைமரை இட்டால் எரிதல் முன்கூட்டியே விரைந்து, அழுத்தம் எல்லையைக் கடக்கக்கூடும். பிரைமரை மட்டும் மாற்றுவதால் சதுர அங்குலத்திற்கு 1,000 பவுண்டுக்கு மேலான வேறுபாடு தோன்றுவதுண்டு.

மென்மையான பிரைமரும் பாதுகாப்பானதன்று. .410இல் பயன்படும் எச்110 போன்ற மருந்துகள் மெல்ல எரிவன. பற்றவைக்க வலிய தழல் வேண்டுவன. தழல் போதாவிடில் மருந்து முழுதும் எரியாமல், தக்கை குழலுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். குளிர்காலத்தில் இது மேலும் நிகழத்தக்கது. ஓசை மெலிந்து ஒலித்த வெடிக்குப்பின் குழலை நோக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், குழல் உப்பலாம், பிளக்கவும் செய்யலாம். சுடுவோரின் கையும் கண்ணும் இழப்புக்குள்ளாவது இத்தகைய தருணத்தில்தான்.

பொருத்தம்

செடைட், ஃபியோக்கி பிரைமர்களின் விட்டம் அமெரிக்க வகைகளைவிடச் சற்று மிகுதி. அவற்றை ஒருமுறை இட்ட கூட்டின் துளை விரிவதால், பின்னர் வின்செஸ்டர் போன்றவை தளர்ந்து அமரும்; வாயு கசியும். ஆதலின் அத்தகு கூடுகளைத் தனியே பிரித்து வைத்தல் நன்று. பிரைமர் கூட்டின் அடிப்பரப்போடு சமமாக அமர வேண்டும். துருத்தி நின்றால் துப்பாக்கியை மூடும்போதே வெடிக்க வாய்ப்புண்டு.

தெரிவு நெறி

மருந்து நிறுவனங்கள் வெளியிடும் நிரப்பல் அட்டவணையில் கூடு, பிரைமர், மருந்து, தக்கை, குண்டெடை என ஐந்தும் சேர்ந்தே ஒரு நிரப்பலாகச் சோதிக்கப்படுகின்றன. கைவசமுள்ள பிரைமரைக் கொண்டு தொடங்கி, அதனைப் பெயர் சுட்டி உள்ளடக்கிய நிரப்பலை அட்டவணையில் தேடுவதே நேரிய வழி. பழைய அட்டவணையிலிருக்கும் நிரப்பலைப் புதிய பிரைமருக்கு ஏற்பத் திருத்துவது நெறியன்று. மருந்தின் அளவைக் குறைத்து ஈடுசெய்யும் வழக்கம் எச்110 போன்றவற்றில் எரிதலைக் குலைத்து, தக்கை தங்கும் இடரையே கூட்டும்.

சுட்ட பிரைமரின் தோற்றத்தைக் கொண்டு அழுத்தத்தை மதிப்பிடவும் இயலாது. அதனை அளக்க அழுத்த உணரி பொருத்திய சோதனைக் குழல் வேண்டும். அது வீட்டு நிரப்பாளரிடம் இருப்பதில்லை.

முடிவுரை

துளை சிறுத்தால் சுமை செறிகிறது, மருந்தறை குறுகுகிறது, பிரைமரின் செல்வாக்கு பெருகுகிறது. வலிமை மிகினும் குறையினும் கேடு விளைவதால், ‘மென்மையானதே பாதுகாப்பு’ என்னும் எளிய விதி சிறுதுளைக்குச் செல்லாது. அட்டவணையில் இடம்பெறாத பிரைமர் மட்டுமே கைவசம் இருக்குமாயின், அதற்குரிய சோதித்த நிரப்பல் கிட்டும்வரை நிரப்பாமல் காத்திருப்பதே தகும்.