உங்களுக்குத் தெரியுமா? மலைநாட்டுக் குசினியில் கினோவா

● கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. அட்டன் நகரில் 96 பாகையிலேயே கொதி வந்துவிடும். திம்புள்ள வட்டாரத்தின் நடுவே, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் 1,382 மீற்றர் உயரத்தில் சுமார் 95.5. நுவரெலியாவில் 94. பிதுருதலாகலை உச்சிக்குக் (2,524 மீற்றர்) கேத்தலைத் தூக்கிக்கொண்டு போனால் 92. ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அமுக்கிப் பிடிக்கும் காற்று குறைந்ததும் தண்ணீர் முன்கூட்டியே ஆவியாகக் கிளம்பிவிடுகிறது. கவ்வாத்து மிலாறை அடுப்பில் எவ்வளவு திணித்து எரித்தாலும் திறந்த பானைக்குள் சூடு அதற்கு மேல் ஏறாது. தண்ணீர்தான் வற்றும்.

● இதில் ஒரு வேடிக்கை. திம்புள்ளத் தேயிலையைத் தொழிற்சாலையிலேயே ருசி பார்க்கிறவர் 95, 96 பாகையில் கொதித்த தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறார். அதே தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் வாங்குகிறவர் 100 பாகைத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறார். இலை ஒன்று, தண்ணீர் இரண்டு.

● சார்ள்ஸ் டார்வின் 1835 மார்ச்சில் சிலியிலிருந்து அந்தீஸ் மலையைக் கடந்தபோது, இராத் தங்கிய இடத்தில் உருளைக்கிழங்கு வேகவே இல்லை. இரவு முழுக்கப் பானை அடுப்பில் இருந்தது. காலையில் மறுபடி கொதிக்க வைத்தும் கிழங்கு கல்லாகவே கிடந்தது. காரணம் காற்றழுத்தம் என்று டார்வினுக்குத் தெரியும். கூட வந்த இருவரும் பேசி எடுத்த முடிவு வேறு: பானை புதிது, சபிக்கப்பட்டது, கிழங்கு அவிக்க அதற்கு மனமில்லை! மலையில் பருப்பு வேகாத நாளில் பருப்பையும் கடைக்காரரையும் திட்டுகிற நமக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க உரிமை கிடையாது.

● டார்வின் தடுமாறிய அதே அந்தீஸ் மலைத்தொடர்தான் கினோவா என்ற சின்ன விதையின் தாய்வீடு. பெரு, பொலிவியா எல்லையில் 3,800 மீற்றர் உயரத்தில் இருக்கும் டிடிகாகா ஏரிக்கரையில் பல ஆயிரம் வருடங்களாக விளைகிறது. அங்கே தண்ணீர் 87 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனாலும் அங்குள்ளவர்கள் அதைச் சட்டியில் அவித்தே சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். எப்படி? கினோவாவின் மாச்சத்து 60, 65 பாகைச் சூட்டிலேயே தண்ணீர் குடித்து இளகிவிடும். மணியும் இரண்டு மில்லிமீற்றர் அளவுதான்; சூடு உள்ளே போக நேரம் எடுக்காது. கடலை, அவரை, கிழங்கு எல்லாம் வேறு சாதி. அவற்றின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைய நல்ல சூடு வேண்டும். மலையில் ஒவ்வொரு பாகைக்கும் அவை அடம்பிடிக்கும்.

ஆகவே, நுவரெலியாவில் கடலை அவிக்க அழுத்தம் தேவை. கினோவாவுக்கு அழுத்தம் தேவையே இல்லை. பிறகு எதற்கு அதை மின்சாரப் பிரஷர் குக்கரில் போடுகிறார்கள்? கொஞ்சம் பொறுங்கள்.

● அந்தீஸிலிருந்து இந்த மலைக்கு வந்த முதல் விருந்தாளி கினோவா அல்ல. உருளைக்கிழங்கின் பூர்வீகமும் டிடிகாகா பக்கம்தான். இன்று அது நுவரெலியாவின் சொந்தப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. சிங்கோனா மரமும் அந்தீஸிலிருந்தே வந்தது. காய்ச்சலுக்கான கொயினா எடுக்கும் அந்த மரத்தை வளர்த்துப் பார்க்கவே 1861இல் ஹக்கல தோட்டம் தொடங்கப்பட்டது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு, தோட்டங்கள் அடுத்தடுத்துச் சாய்ந்தபோது, துரைமார் சிங்கோனாவை மலை மலையாக நட்டார்கள். எல்லோரும் நட்டதால் 1880களில் விலை விழுந்தது. பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலைக்குப் போனார்கள்.

● கினோவாவுக்கும் இப்படி ஒரு விலைக் கதை உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2013ஐ சர்வதேச கினோவா ஆண்டாக அறிவித்தது. உலகம் முழுக்கக் கிராக்கி ஏறி, விலை உச்சிக்குப் போனது. மற்ற நாட்டவர்களும் விதைத்தார்கள். ஓரிரு வருடத்தில் விலை சரிந்து, அந்தீஸ் விவசாயி தலையில் கைவைத்தார்.

● கினோவா தானியமே அல்ல. அரிசி, கோதுமை, குரக்கன் எல்லாம் புல் இனம். கினோவா கீரை இனம். பீட்ரூட், தம்பளா ஆகியவற்றின் குடும்பம். தமிழ்நாட்டில் கடைந்து சாப்பிடும் சக்கரவர்த்திக் கீரை அதற்கு மிக நெருங்கிய சொந்தம். வெந்ததும் மணியிலிருந்து வெள்ளை வால் ஒன்று சுருண்டு வெளியே வருகிறதே, அது புழு இல்லை, பயப்படாதீர்கள். விதையைச் சுற்றியிருக்கும் முளைக்கரு வெந்து பிரிந்து நிற்கிறது. வால் வந்துவிட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

● கழுவாத கினோவா கசக்கும். மேல் தோலில் இருக்கும் சப்போனின்தான் காரணம். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவதும் இதே வகைப் பொருள். பறவைகள் கொத்தாமல் இருக்க அந்தச் செடி வைத்துக்கொண்ட பாதுகாப்பு. கடையில் வருவது பெரும்பாலும் தீட்டிக் கழுவியதுதான், இருந்தாலும் குழாயடியில் ஒருமுறை அலசி, நுரை நின்றதா என்று பாருங்கள். நுரை மிச்சமிருந்தால் குக்கர் மூடியின் வால்வு வரை பொங்கி ஏறும். அரிசி அரிக்கிற சட்டியில் இதை அரிக்க முடியாது, அத்தனையும் தண்ணீரோடு ஓடிவிடும். மெல்லிய துணி போதும். ஒரு கைப்பிடி அளவென்றால் தேத்தண்ணி வடியே போதும். தோட்டத்தில் அது இல்லாத வீடு ஏது?

● பிரஷர் குக்கரின் வயது 350ஐ நெருங்குகிறது. பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பான் 1679இல் லண்டனில் அதைச் செய்துகாட்டினார். எலும்பைக்கூடக் கூழாக்கும் சட்டி என்பதுதான் அதன் பெருமை. 1682இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து இராச்சாப்பாடு போட்டார். சட்டி வெடிக்காமலிருக்க அவர் வைத்த எடைக்கட்டை வால்வுதான் இன்று நம் குசினியில் விசிலடிக்கிறது.

● விசிலடிக்காத, தானே சூட்டை அளந்து தானே நிறுத்திக்கொள்ளும் மின்சாரப் பிரஷர் குக்கரை உலகம் முழுக்கப் பரப்பியது இன்ஸ்டன்ட் பொட். 2010இல் கனடாவின் ஒட்டாவாவில் ரொபர்ட் வாங் என்ற பொறியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் சந்தைக்கு விட்டார்கள். அடுப்பில் வைக்கும் குக்கர் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தம் தரும். மின்சாரக் குக்கர் 10, 11 இறாத்தலோடு நின்றுவிடும். கொழும்பில் அதற்குள் சூடு ஏறக்குறைய 116 பாகை. தலவாக்கலையில் 114, நுவரெலியாவில் 113. திறந்த பானையில் கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் ஆறு பாகை வித்தியாசம். மூடியைப் பூட்டியதும் அது பாதியாகிவிடுகிறது.

அந்த மிச்சப் பாதிக்கும் ஒரு கணக்கு உண்டு. 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சமையல் நேரத்தில் நூற்றுக்கு ஐந்து கூட்ட வேண்டும். 6,100 அடி நுவரெலியாவில் நூற்றுக்கு இருபது. கடலைக்கு 40 நிமிடம் என்று சமையல் புத்தகம் சொன்னால் நீங்கள் 48 வையுங்கள். கினோவாவுக்குச் சொல்லப்படும் நேரம் ஒரே ஒரு நிமிடம். அதில் இருபது வீதம் 12 விநாடி. அதைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

● இப்போது பொறுக்கச் சொன்ன கேள்விக்கு வருவோம். கினோவா குழைவதற்கும் உதிரியாவதற்கும் இடையில் இருப்பது அழுத்தம் அல்ல, தண்ணீர். திறந்த பானையில் ஒரு சுண்டு கினோவாவுக்கு இரண்டு சுண்டு தண்ணீர் வைக்கச் சொல்வார்கள். மணி குடிப்பது ஏறக்குறைய ஒரு சுண்டுதான். மற்றது ஆவியாகக் கூரைக்குப் போகிறது. எவ்வளவு போகும் என்பது பானையின் வாய், மூடியின் இறுக்கம், நெருப்பின் வேகம், யன்னலால் வரும் காற்று எல்லாவற்றையும் பொறுத்தது. தை, மாசியில் திம்புள்ளப் பக்கம் வறண்ட காற்று அடிக்கும். தேயிலைக்கு அது நல்ல வாசம் தரும் பருவம், திறந்த அடுப்புக்குத் தலைவலி. பூட்டிய குக்கரிலிருந்து ஆவி அநேகமாக வெளியேறுவதில்லை. ஊற்றிய தண்ணீர் அப்படியே இருக்கும். அதனால் அளவு பிசகாது.

செய்முறை இவ்வளவுதான். ஒரு சுண்டு கினோவாவை அலசி, துணியில் நன்றாக வடியவிடுங்கள். மணியில் ஒட்டிய ஈரமும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள். பாத்திரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஈரம் போய் மணி பொரிகிற சத்தம் வரும்வரை வறுத்தால் வாசம் தூக்கும், வறுக்காவிட்டாலும் குற்றமில்லை. ஒரு சுண்டு தண்ணீர், உப்பு. உங்களுக்கு மென்மையாக வேண்டுமென்றால் கால் சுண்டு கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். மூடி, உயர் அழுத்தத்தில் ஒரு நிமிடம். பிறகு கையை வைக்காதீர்கள். பத்து நிமிடம், மலையில் பன்னிரண்டு நிமிடம், அழுத்தம் தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு வால்வைத் திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரேயடியாகக் கொதித்தெழுந்து மணியை உடைக்கும், கஞ்சிதான் கிடைக்கும். இறங்கியபின் மூடியைத் திறந்து, கரண்டியால் கிண்டாமல் முள்ளுக்கரண்டியால் கிளறி விடுங்கள். மூடியில் திரண்ட நீர் சொட்டாமலிருக்க ஒரு துணியைப் பாத்திரத்தின் மேல் விரித்து ஐந்து நிமிடம் விட்டால் மணிக்கு மணி ஒட்டாது.

அதன்மேல் வதக்கிய லீக்ஸும் கரட்டும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சேர்த்தால், உப்புமாவுக்கு ரவை தேடத் தேவையில்லை.

● “ஒரு நிமிடச் சமையல்” என்பது பாதி உண்மைதான். அழுத்தம் ஏறிய பிறகுதான் குக்கர் அந்த ஒரு நிமிடத்தை எண்ணத் தொடங்கும். அழுத்தம் ஏற ஏழெட்டு நிமிடம். குழாய்த் தண்ணீரே ஐஸ் மாதிரி வரும் நுவரெலியா விடியலில் இன்னும் கொஞ்சம். இறங்கப் பத்து. மொத்தம் ஏறக்குறைய இருபது நிமிடம். அடுப்பிலும் அதே நேரம்தான். மிச்சமாவது நேரம் அல்ல, பக்கத்தில் நிற்கும் வேலை. விடிய முதல் பிள்ளைகளைக் கிளப்பி, பெரட்டுக்கும் ஓட வேண்டிய ஒருவருக்கு அது சின்ன விசயம் இல்லை.

● குறைவாகச் சமைக்கும்போது ஒரு சிக்கல். பெரிய மின்சாரக் குக்கர்களுக்கு அழுத்தம் பிடிக்க, கையேட்டில் சொல்லும் குறைந்த அளவாவது தண்ணீர் வேண்டும். அரைச் சுண்டு கினோவா போட்டால் அவ்வளவு தண்ணீர் ஊற்ற முடியாது. ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கினோவாவும் அதற்கான தண்ணீரும் வைத்து, குக்கரின் அடியில் தனியாக அந்தக் குறைந்த அளவுத் தண்ணீரை ஊற்றி, தட்டின்மேல் கிண்ணத்தை இறக்குங்கள். இட்லி அவிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

● தலவாக்கலையில் அணை உள்ள மேல் கொத்மலை நீர்மின் நிலையத்தின் திறன் 150 மெகாவாட். மின்சாரக் குக்கர் ஒன்று இழுப்பது சுமார் 1,000 வாட். அந்த ஒரு நிலையம் முழுவீச்சில் ஓடினால் ஒரே நேரத்தில் ஒன்றரை இலட்சம் குக்கர்களைச் சூடாக்கலாம். சென் கிளேயர் நீர்வீழ்ச்சியின் தண்ணீரை மடக்கிக் கட்டிய அணைக்குப் பக்கத்து லயன்களில் இன்னும் விறகடுப்புப் புகைவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

● ரொறன்ரோவிலிருந்து மாமா கொண்டுவந்த குக்கரா? செருகுவதற்கு முன் அடிப்பக்கத்தைத் திருப்பி வாசியுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், இலங்கையில் 230. மாற்றி (டிரான்ஸ்போமர்) இல்லாமல் செருகினால் முதல் கினோவா வேகுமுன் குக்கர் கருகிவிடும். லண்டனிலிருந்தோ சிட்னியிலிருந்தோ வந்ததென்றால் இந்தப் பயம் இல்லை.

● விலை கொடுத்துத்தான் கினோவா வாங்க வேண்டுமா? புரதம் என்று பார்த்தால் கினோவா முன்னால்: 100 கிராமில் சுமார் 14 கிராம், குரக்கனில் அதில் பாதி. கல்சியம் என்று பார்த்தால் குரக்கனை அதனால் எட்டிப்பிடிக்க முடியாது: குரக்கனில் 340 மில்லிகிராமுக்கு மேல், கினோவாவில் 50ஐத் தொடாது. என்னைக் கேட்டால், குரக்கன் ரொட்டியும் பருப்புக் கறியும் சாப்பிடுகிற வீட்டுக்குக் கினோவா ஒரு மாறுதல், அவ்வளவே. வேண்டியவர் வாங்கட்டும்.

● கடைசியாக ஒன்று. கினோவாவிலும் குரக்கனிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் மறிப்பது, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணி. தேயிலையின் பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தேயிலை விளைகிற ஊரிலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: சாப்பிட்டு ஒரு மணி நேரம் போன பிறகு தேத்தண்ணி குடியுங்கள். முக்கியமாகக் கர்ப்பிணிகளும் வளரும் பெண்பிள்ளைகளும்.