கடிக்கும் முன்பே போட வேண்டிய ஊசி

2022 மே மாத இறுதியில் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவியை நாய் கடித்தது. தெருநாய் அல்ல, பக்கத்து வீட்டில் வளர்த்த நாய். மாணவி ஆஸ்பத்திரிக்குப் போனார், தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். இருந்தும் ஜூன் 30 அன்று ரேபீஸ் எனும் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், பத்தனம்திட்டை மாவட்டத்தில் கண்ணருகே கடிபட்ட 12 வயதுச் சிறுமி மூன்று தவணை ஊசி போட்ட பிறகும் இறந்தாள். கேரளம் முழுக்க அப்போது எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஊசி மருந்து சரியில்லையா? கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகம் அதைச் சோதித்து, தரத்தில் குறையில்லை என்று சொன்னது. மனிதருக்குப் போட்ட ஊசியைப் பற்றி இவ்வளவு பேசினோம். நாய்களுக்குப் போட வேண்டிய ஊசியைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. ரேபீஸிலிருந்து மனிதரைக் காக்கும் நம்பகமான வேலி நாயின் உடலில்தான் இருக்கிறது. அதை எழுப்பும் பொறுப்பு, முதலில் நாய் வளர்ப்பவருடையது. இதற்கான காரணம் அந்த வைரஸ் நகரும் விதத்திலேயே இருக்கிறது.

கடிவாயில் இறங்கிய ரேபீஸ் வைரஸ் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதில்லை. முதலில் தசையில் தங்குகிறது. பிறகு அங்குள்ள நரம்பு முனையைப் பற்றிக்கொண்டு, நரம்பு வழியாகவே தண்டுவடத்தையும் மூளையையும் நோக்கி ஏறுகிறது. காலில் கடித்தால் பாதை நீளம். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் மிகக் குறைவு. விரல் நுனி போன்ற, நரம்பு நெருக்கமாக உள்ள இடங்களும் ஆபத்தானவை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். சிலருக்கு ஒரு வாரத்திலும், அபூர்வமாக ஓராண்டுக்குப் பிறகும் வெளிப்படலாம். தடுப்பூசி போட்டவுடன் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. போதுமான எதிர்ப்புப் புரதங்களை உடல் தயாரிக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அந்த இடைவெளியை நிரப்பத்தான், ஆழமான கடி என்றால் கடிவாயைச் சுற்றிலும் உள்ளேயும் சீரம் செலுத்துகிறார்கள். அது ஏற்கெனவே தயாரான எதிர்ப்புப் புரதம். காயம் பல இடங்களில் இருந்து ஏதோ ஒன்றில் சீரம் போய்ச் சேராவிட்டாலோ, வைரஸ் நேராக நரம்பிலேயே இறங்கிவிட்டாலோ, நல்ல மருந்தும் பிந்திவிடக்கூடும். இது மிக அரிதாகவே நடக்கிறது. 2022-ல் கேரளத்தில் ரேபீஸால் இறந்த 20-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் ஊசியே போடாதவர்கள். ஆகவே கடிபட்டவர் ஊசி போட்டே ஆக வேண்டும், அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் அது கடைசி அரண். நோய் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் இறந்துவிடுகிற ஒரு நோய்க்கு, கடைசி அரணை மட்டும் நம்பியிருக்கலாகாது.

முதல் அரண் மிக எளிமையானது. மனிதருக்கு வரும் ரேபீஸில் 99 சதவீதம் நாய் மூலமாக வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த நோய் நாய்களுக்குள் அப்படியொன்றும் வேகமாகப் பரவுவதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஒரு வெறிநாய் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது. அம்மைநோயோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடுகிறது. நூற்றுக்கு நூறு தேவையில்லை. கோவா இதைச் செய்து காட்டியது. தெருநாய், வீட்டு நாய் என்று பிரிக்காமல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் நாய்களுக்கு ஊசி போட்டார்கள், பள்ளிகளில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், சந்தேகமான நாய்களை உடனே கண்காணித்தார்கள். 2021-ல் ரேபீஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாகக் கோவா அறிவிக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அங்கே ஒருவர்கூட அந்நோயால் இறந்திருக்கவில்லை.

இந்தக் கணக்கை நம் கேரள - தமிழக எல்லைப் பகுதிக்குக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் எழுகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும், மூணாறு, தேவிகுளம், மறையூர், வட்டவடைப் பகுதித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலும் வாழும் நாய்களில் எது வீட்டு நாய், எது தெருநாய்? பகலில் ஒரு வீட்டு வாசலில் சோறு தின்று, இரவில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, விடியும்போது மறுபடி அதே வாசலில் படுக்கும் நாய்தான் இங்கே அதிகம். சோறு போடும் வீடு உண்டு, பெயரும் உண்டு. ஊசி போட்ட அட்டை மட்டும் இருக்காது. கடித்துவிட்டால் உடனே 'அது எங்க நாய் இல்ல' என்றாகிவிடும். ஒரு பெட்டை நாய் சினையான 63 நாள் அளவில் ஈனுகிறது, ஆண்டுக்கு இருமுறைகூட ஈனலாம். ஆண் குட்டிகளுக்கு ஆள் கிடைக்கும்; பெட்டைக் குட்டிகளைச் சந்தைப் பக்கமோ காட்டோரமோ விட்டுவிட்டு வருவது இன்னும் ஓயவில்லை. ஆக, தெருநாய் என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் கூட்டத்தில் ஒரு பங்கு, வீடுகளிலிருந்து போனதுதான். நாய் வளர்ப்பவரின் பொறுப்பு தன் வாசற்படியோடு முடிவதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

'எங்க நாய் யாரையும் கடிக்காது, வீட்டோடவே கிடக்கும்' என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ரேபீஸுக்கு நாயின் குணம் ஒரு பொருட்டல்ல. மேலும், வெறிநாய் என்றதும் நுரை தள்ளிக்கொண்டு ஓடும் நாய்தான் நினைவுக்கு வருகிறது. நோயின் இன்னொரு வடிவம் அமைதியானது. நாய் மூலையில் ஒதுங்கிப் படுக்கும், தாடை தளர்ந்து தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதோ என்று பதறி வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர், அந்த நாயைப் பிள்ளைபோல் வளர்த்தவராகவே இருப்பார். அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. கடித்த நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்தப் பத்து நாளும் கடிபட்டவர் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைப் பார்க்க வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கும் இதேதான், ஏனென்றால் வெளியிலிருந்து இன்னொரு நாயோ பூனையோ கீரியோ உள்ளே வரும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. தங்கள் குழந்தையை நாய் கடிக்கக் கண்டவர்களின் கோபத்திலிருந்து வருவது அது: நாய்களையெல்லாம் கொன்றுவிட்டால் என்ன? அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கொன்று பார்த்த ஊர்கள் இருக்கின்றன. இந்தோனேசியாவின் ஃப்ளோரெஸ் தீவுக்கு 1997-ல் ரேபீஸ் வந்தது. பெருந்தொகையான நாய்களைக் கொன்றார்கள், நோய் போகவில்லை. 2008-ல் பாலித் தீவுக்கு வந்தபோது அங்கும் கொல்வதில்தான் தொடங்கினார்கள். பெருமளவில் ஊசி போட ஆரம்பித்த பிறகே நோய் இறங்கியது. கொல்லும்போது ஊசி போட்ட நாயும் சேர்ந்து சாகிறது, தன் நாயைக் காப்பாற்ற ஆட்கள் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், காலியான இடத்துக்கு ஊசி போடாத புதுக்குட்டிகள் வருகின்றன. எதிர்ப்புச் சக்தி உள்ள நாய்கள் குறைந்து, இல்லாதவை பெருகுகின்றன. நூறாண்டுக்கும் மேலாக நாய்களைக் கொன்றுவந்த சென்னை மாநகராட்சி, 1996-ல் அதைக் கைவிட்டுக் கருத்தடைக்கு மாறியது இந்த அனுபவத்தால்தான். கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதே 2023-ன் மத்திய விதிகளும் சொல்லும் வழி. ரேபீஸ் உள்ள நாயையும் மூர்க்கமான நாயையும் அப்படித் திருப்பி விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது.

கருத்தடையும் ஊசியும் பஞ்சாயத்தின் வேலைதானே என்று கேட்டால், ஆம், பஞ்சாயத்தின் வேலைதான். அதில் கேரளம் தடுமாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் செய்துவந்த கருத்தடைப் பணிக்கு விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்பதால் 2021 இறுதியில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. மாற்று ஏற்பாடு உடனே வரவில்லை. அடுத்த ஆண்டின் துயரங்கள் வந்த பிறகுதான் அவசரத் தடுப்பூசி இயக்கம் நடந்தது. ஆனாலும் பஞ்சாயத்து பிடிக்க வேண்டிய நாய்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வீடுகள். வளர்ப்பவர் ஒவ்வொருவரும் தன் நாய்க்கு ஊசி போட்டுவிட்டால், 70 சதவீதத்தில் ஒரு நல்ல பங்கு வலைவீசிப் பிடிக்காமலே நிறைவேறிவிடும். கழுத்தில் பட்டையோடு தானாக நடந்துவரும் நாய்க்கு ஊசி போட ஒரு நிமிடம் போதும்.

காட்டை ஒட்டிய ஊர்களில் இந்தப் பொறுப்பு இன்னும் நீள்கிறது. இரவிகுளம், சின்னார், பரம்பிக்குளம் காடுகளில் செந்நாய்க் கூட்டங்கள் வாழ்கின்றன. அவிழ்த்துவிட்ட நாய் மானைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் போகும்போது ரேபீஸையும் டிஸ்டெம்பர் எனும் நாய்ப்பிணியையும் கூடவே கொண்டுபோக முடியும். எத்தியோப்பியாவின் பாலே மலையில் அரிய ஓநாய்க் கூட்டங்களை நாய்களிடமிருந்து வந்த ரேபீஸ் அழித்தது. 1994-ல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு டிஸ்டெம்பரால் மாண்டது. சிறுத்தை கதையும் உண்டு: மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் நடந்த ஆய்வில், சிறுத்தை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய். இரவில் வெளியே கிடக்கும் நாய் சிறுத்தையை லயத்துக்கே அழைத்துவருகிறது என்பதைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

காவலுக்குத்தானே வளர்க்கிறோம், கட்டிப் போட்டாலும் கருத்தடை செய்தாலும் நாய் சோம்பிவிடாதா என்ற கேள்வியும் நியாயமானதே. பன்றி வரும் தோட்டத்தில் நாய் வேண்டும். ஆனால் அந்நியரைக் கண்டு குரைப்பது நாயின் இயல்பிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் வருவது; கருத்தடை அதைப் பறிப்பதில்லை. துணை தேடி ஊர் சுற்றுவதையும், அதற்காகச் சண்டையிட்டுக் கடிபட்டு வருவதையும்தான் குறைக்கிறது. நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அப்படி வளரும் நாய் அச்சத்தாலேயே பாயும். வேலியிட்ட கொல்லை, நீளமான கயிறு, காலையும் மாலையும் கூடவே ஒரு நடை, இரவில் அடைக்க ஒரு கூண்டு, இவை போதும். குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பார்க்கும் மனிதர்களும் குழந்தைகளும் வண்டிகளும்தான் அதற்கு வாழ்நாள் முழுக்க அச்சமில்லாதவை ஆகின்றன. அந்த வயதில் குட்டியைத் தனியே அடைத்து, கல்லெறிந்து, சீண்டி வளர்த்துவிட்டுப் பிறகு அது கடிக்கிறது என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

எல்லையில் இருப்பதன் தனிச்சிக்கல் கடிபட்ட பிறகுதான் தெரிகிறது. மறையூர்க்காரர் உடுமலைக்கும், போடிமெட்டில் இருப்பவர் போடிக்கும், சித்தூர் தாலுகாக்காரர் பொள்ளாச்சிக்கும் போவது வழக்கம். முதல் ஊசி ஒரு மாநிலத்தில், அடுத்தது இன்னொன்றில் என்றாகும்போது தவணை தவறிவிடுகிறது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி கடிபட்ட நாளிலும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் வரும். அட்டையைப் பத்திரமாக வைத்துக் காட்டினால் எங்கும் தொடரலாம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் பலரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தை இந்தியா 2004 இறுதியோடு கைவிட்டுவிட்டது. புண்ணில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்ப வேண்டாம், மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்கவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. பிறகு சீரம் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

பாலக்காடு, இடுக்கி கால்நடைத் துறையினரும், கோவை, திருப்பூர், தேனி மாவட்டத்தாரும் தனித்தனியே முகாம் நடத்துவதால் எல்லையோர நாய் இரு பட்டியலிலும் விடுபட வாய்ப்பிருக்கிறது. செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தடுப்பு நாள். அந்த வாரத்தில் இரு பக்கமும் ஒரே நாளில், சோதனைச்சாவடி ஊர்களிலும் லயங்களிலும் நடமாடும் முகாம் போட வேண்டும். மலையூர்க்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மிருகாஸ்பத்திரி தேடி வருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. இதை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். அதுவரை காத்திருக்காமல், உங்கள் வாசலில் சோறு தின்னும் நாய்க்குக் கடைசியாக ஊசி போட்ட தேதி எது என்று இன்றே பாருங்கள். ஓராண்டு கடந்திருந்தால் இந்த வாரமே கூட்டிப் போய் ஊசி போட்டுவிடுங்கள்.