கோபிலா பள்ளத்தாக்கு குழந்தைகள் இல்லமும் பள்ளியும்

கோபிலா பள்ளத்தாக்கு குழந்தைகள் இல்லம் மேற்கு நேபாளத்தில், கர்ணாலி மாகாணத்தின் சுர்கேத் மாவட்டத்தில் உள்ளது. ‘கோபிலா’ என்ற நேபாளி சொல்லுக்குப் பூமொட்டு என்று பொருள். அமெரிக்காவைச் சேர்ந்த மேகி டாய்னும் நேபாளத்தைச் சேர்ந்த தோப் பகதூர் மல்லாவும் இதை நிறுவினர். வெளிநாட்டு நன்கொடையால் ஓர் இல்லத்தைத் தொடங்குவது வேறு, அதைப் பல ஆண்டுகள் நடத்துவது வேறு என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

தொடக்கம்

நேபாள உள்நாட்டுப் போர் 1996 முதல் 2006 வரை நடந்தது. பள்ளிப் படிப்பை முடித்துப் பயணம் மேற்கொண்டிருந்த டாய்ன், இந்தியாவில் நேபாள அகதிக் குழந்தைகளைச் சந்தித்தார். பின்னர் நேபாளம் சென்று, அமெரிக்காவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேமித்திருந்த 5,000 டாலரைக் கொண்டு சுர்கேத்தில் நிலம் வாங்கினார். இல்லம் 2008-லும் பள்ளி 2010-லும் தொடங்கின. 2015-ஆம் ஆண்டளவில் இல்லத்தில் சுமார் 50 குழந்தைகள் வளர்ந்தனர். பள்ளியில் 350-க்கும் மேற்பட்டோர் படித்தனர்.

நிதி

இத்தகைய இல்லங்களின் செலவு இருவகைப்படும். நிலம், கட்டடம் ஆகியவை ஒருமுறைச் செலவுகள். உணவு, ஆசிரியர் சம்பளம், மருத்துவம் ஆகியவை தொடர்செலவுகள். முதல் வகைக்குப் பணம் திரட்டுவது எளிது. கட்டி முடித்த கட்டடத்தை நன்கொடையாளருக்குக் காட்டலாம். சமையலறை அரிசிக் கணக்கை அப்படிக் காட்ட முடியாது.

டாய்னுக்கு 2009-ல் 100,000 டாலர் மதிப்புள்ள ‘டூ சம்திங்’ விருது கிடைத்தது. 2015-ல் சிஎன்என் தொலைக்காட்சி அவரை அவ்வாண்டின் நாயகராகத் தேர்ந்தெடுத்தது. பரிசுப் பணம் ஒருமுறைதான் வரும். உலை நாள்தோறும் கொதிக்க வேண்டும். மூன்று வயதில் சேரும் குழந்தையைப் பதினெட்டு வயது வரை வளர்க்கப் பதினைந்து ஆண்டுகள் பணம் தேவை. இடையில் நிதி நின்றால் அக்குழந்தை இரண்டாம் முறை வீட்டை இழக்கும். அதனால்தான், எப்போதோ வரும் பெருந்தொகையைவிட மாதந்தோறும் தவறாமல் வரும் சிறுதொகை இத்தகைய இல்லங்களுக்கு உறுதியான துணை. இங்கே அமெரிக்காவில் பதிவுபெற்ற ‘பிளிங்க்நவ்’ அறக்கட்டளை நன்கொடை திரட்டுகிறது.

தொடர்செலவைக் குறைப்பதும் நிதி திரட்டுவதற்கு ஈடானது. பள்ளியின் புதிய வளாகம் இடித்து இறுக்கிய மண்சுவர்களால் கட்டப்பட்டது. சூரிய மின்சாரமும் மழைநீர் சேகரிப்பும் அங்கு உள்ளன.

இல்லமா, பள்ளியா

நேபாளத்தில் குழந்தைகள் இல்லங்கள் பல காத்மாண்டு பள்ளத்தாக்கிலும் சுற்றுலாப் பகுதிகளிலும் குவிந்துள்ளன. நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பவைத்து, கர்ணாலி போன்ற மலைப்பகுதிக் குழந்தைகளைத் தரகர்கள் அங்கு கொண்டுசென்ற நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர். குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து நன்கொடை வரும்போது, படுக்கைகளை நிரப்பும் ஆசையும் கூடவே வருகிறது. வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-ல் ஏற்ற வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

இதனால் கோபிலாவில் இல்லத்தைவிடப் பள்ளி பல மடங்கு பெரியதாக இருப்பது முக்கியமானது. மாணவர்களில் பெரும்பாலோர் காலையில் தம் வீட்டிலிருந்து வந்து மாலையில் திரும்புகின்றனர். இலவசக் கல்வியும் மதிய உணவும் கிடைப்பதால், படிப்புக்காகப் பிள்ளையைப் பிரிய வேண்டிய கட்டாயம் அக்குடும்பங்களுக்கு இல்லை. வேறு போக்கிடம் இல்லாத குழந்தைகளுக்கு மட்டும் இல்லத்தின் படுக்கைகள் போதுமானவை.