இணையக் கடைக்கும் கணக்கேடு வேண்டும்

நம் விற்பனை நிலையங்களில் மாலையானதும் அன்றைய விற்றுமுதலை எழுதி, கையிருப்பைச் சரிபார்த்த பின்னரே கதவைப் பூட்டுகிறோம். இணையதளம் வைத்திருக்கும் சங்கங்கள், அத்தளத்திற்கும் இவ்வாறு கணக்கு எழுதுகின்றனவா என்று அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் கடைகளால், நெசவாளர் தறியை விட்டு எழாமலே அவர் நெய்த துணி வெளியூர் சென்றடைய வழி ஏற்பட்டது. இணையக் கடை அவ்வழியின் நீட்சியே ஆகும். ஆண்டுக் கட்டணம் செலுத்திவிட்டதனாலேயே அது நன்கு நடைபெறுகிறது என்று கொள்ளலாகாது. கதவு விரைவில் திறக்கிறதா, வந்தோரில் எத்தனை பேர் வாங்கினர், வாங்காதோர் எவ்விடத்தில் திரும்பினர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டாக வேண்டும்.

முதலாவது வினாவிற்குக் கூகுள் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் சில அளவுகளை வகுத்தது. பக்கத்தின் முதன்மையான படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தோன்றுதல் வேண்டும். படங்கள் வந்து சேருகையில் எழுத்துகள் இடம்பெயர்ந்து, வாங்குவோர் ஒன்றைத் தொடப்போய் வேறொன்றைத் தொடும்படி நேரலாகாது. பொத்தானைத் தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் திரையில் மறுமொழி தெரிய வேண்டும் என்பது 2024-இல் இவற்றுடன் சேர்ந்தது. நூறு வருகைகளில் 75-இலாவது இவை நிறைவேறினால் தளம் நன்று எனப்படும். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்னும் கருவியில் தளத்தின் முகவரியை இட்டால், கட்டணமின்றி இவ்வளவுகளை அறியலாம். வருவோர் மிகச் சிலராயின் சோதனை அளவு மட்டுமே கிடைக்கும். தொடக்கத்திற்கு அதுவும் போதுமானது.

தாமதத்திற்குப் பெரும்பாலும் காரணமாவன படங்களே. கைப்பேசியில் எடுத்த புகைப்படம் ஒன்று 4 மெகாபைட் அளவு இருப்பதாகக் கொள்வோம். ஒரு பக்கத்தில் 12 சேலைகளின் படங்களை அப்படியே வைத்தால் மொத்தம் 48 மெகாபைட் ஆகும். வினாடிக்கு ஒரு மெகாபைட் வரும் இணைப்பில் அவை முழுதும் வந்து சேர 48 வினாடி செல்லும். அவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்? அதே படங்களை வெப்பி போன்ற வடிவில் ஒவ்வொன்றும் 150 கிலோபைட்டாகச் சுருக்கினால், மொத்தம் 1.8 மெகாபைட்டே, இரண்டு வினாடிக்குள் வந்துவிடும். கரையின் நுணுக்கத்தைக் காண விரும்புவோருக்கு மட்டும் பெரிய படத்தைத் தனியே திறக்கும்படி அமைத்தல் தகும்.

இனி, வந்தோர் கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு திங்களில் 1,000 பேர் தளத்திற்கு வந்து, 300 பேர் சேலையைப் பார்த்து, 30 பேர் கூடையில் இட்டு, 10 பேர் மட்டுமே பணம் செலுத்தினர் என்க. நூற்றுக்கு ஒருவரே வாங்கியிருக்கிறார். 300 பேர் பார்த்தும் 30 பேரே கூடையில் இட்டனரெனில், விவரம் போதவில்லையா என்று ஆராய வேண்டும். நீளம், அகலம், நூல் எண், சரிகையின் வகை, ரவிக்கைத் துணி உண்டா என்பன தெரியாமல் யாரும் சேலை வாங்கார். மஞ்சள் விற்கும் சங்கமாயின் எடையும் அறுவடை ஆண்டும் வேண்டும். கூடையில் இட்டவர் 30 பேரில் 20 பேர் திரும்பினரெனில், அஞ்சற் செலவைக் கடைசியில் காட்டினோமா, பெயர் பதிந்தாலன்றி வாங்க இயலாதபடி தடுத்தோமா என்று பார்த்தல் வேண்டும். விற்றுத் தீர்ந்த சரக்கை இருப்பில் உள்ளதாகக் காட்டுவது இவையனைத்தினும் கேடானது. அது சங்கத்தின் சொல்லையே பழுதாக்கும்.

சீர்திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்து, முன்னும் பின்னும் உள்ள எண்களைக் குறித்துவைத்தல் நலம். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயன்பட்டதென்று விளங்காது. தீபாவளித் திங்களை ஆடியோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் தீபாவளியோடு ஒப்பிட வேண்டும். சோதனையையும் அலுவலகக் கணினியில் மட்டும் செய்து நிறைவடையாமல், விலை குறைந்த கைப்பேசியொன்றில், நம் அங்கத்தினர் வீட்டிலிருந்தே செய்து பார்த்தல் வேண்டும்.

சேலை அலமாரியில் தேங்கினால் அதில் சங்கத்தின் முதல் முடங்குகிறது. அடுத்த பாவிற்கு நூல் கொடுக்கத் தாமதமாகிறது. நெசவாளரின் கூலி நாட்கள் குறைகின்றன. ஆதலின், இணையதளத்தைத் தொழில் நுட்பம் அறிந்தவரின் பொறுப்பு என்று மட்டும் ஒதுக்கிவிடலாகாது. பக்கம் திறக்கும் நேரம், வந்தோர், கூடையில் இட்டோர், வாங்கினோர் ஆகிய நான்கு எண்களையும் ஆண்டறிக்கையில் வெளியிடுமாறு, அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் ஒருவர் தீர்மானம் கொண்டுவருவாராக.