ஒரு பாத்திரம், பல சமையல்
பிரஷர் குக்கரை அறிவோம்

வட இந்தியாவில் ராஜ்மா என்று ஒரு பயறு உண்டு. சிவப்பாக, மொச்சையை விடப் பெரிதாக இருக்கும். பஞ்சாபிலும் ஜம்முவிலும் அதைக் குழம்பாக்கிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். இரவு முழுவதும் ஊறிய ராஜ்மா கூடத் திறந்த பானையில் வேக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரஷர் குக்கரில் வைத்தால் அரை மணிக்குள் வெந்துவிடும்.

நேரம் குறைந்தால் விறகு மிச்சம். காஸ் மிச்சம். புகையும் குறையும். அடுப்படியில் நிற்கிறவருக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும்.

இன்று இந்தியாவில் பல கோடி வீடுகளில் குக்கர் இருக்கிறது. அதில் சோறு வைக்கலாம். பருப்பு வேகவைக்கலாம். இட்லி அவிக்கலாம். கிழங்கு, கறி, கிச்சடி எல்லாம் செய்யலாம். ஆனாலும் சிலருக்கு அதைக் கண்டால் பயம். "வெடித்துவிட்டால்?" என்று தள்ளி நிற்பார்கள். வேறு சிலர் துளியும் கவலைப்பட மாட்டார்கள். கழுவாமலே மூடியைப் போட்டு விடுவார்கள். பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

குக்கருக்குள் என்ன நடக்கிறது?

திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீரின் சூடு ஏறாது. தண்ணீர் ஆவியாகிப் போகும், அவ்வளவுதான்.

குக்கரில் மூடி இறுக்கமாக இருக்கும். ஆவி வெளியே போக முடியாது. உள்ளேயே நெருக்கிக்கொண்டு நிற்கும். இந்த நெருக்கத்தைத்தான் அழுத்தம் என்கிறோம். அழுத்தம் கூடும்போது தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும். அதனால் உணவு சீக்கிரம் வேகிறது.

மலைப் பகுதியில் இந்த உண்மை நன்றாகத் தெரியும். லடாக்கில் உள்ள லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். ஆனால் பருப்பு வேகாது. அங்கே குக்கர் ஆடம்பரப் பொருள் அல்ல, அவசியமான பொருள்.

ஆவியை அடைத்துச் சமைக்கும் யோசனை மிகப் பழையது. பிரான்ஸ் நாட்டில் பிறந்த டெனி பாப்பின் என்ற அறிஞர் 1679ஆம் ஆண்டில் இப்படி ஒரு பாத்திரம் செய்தார். அதில் எலும்பு கூட மெத்தென்று வெந்தது. அழுத்தம் அளவு மீறாமல் இருக்க, அதில் ஒரு வால்வும் வைத்தார். நம் வீட்டுக் குக்கரிலும் இதே ஏற்பாடுதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு உறுப்புகள்

1. ரப்பர் வளையம். இதைக் கேஸ்கட் என்பார்கள். மூடியின் ஓரத்தில் ஆவி கசியாமல் தடுப்பது இதுதான். நாளாக ஆக இது கெட்டியாகும், வெடிப்பு விடும். ஓரத்தில் ஆவி கசிந்தால் வளையத்தை மாற்ற வேண்டும்.

2. ஆவிக் குழாய். மூடியின் நடுவில் இருக்கும் சிறு குழாய் இது. மிச்சமான ஆவி இதன் வழியாகத்தான் வெளியேறும்.

3. வெயிட். குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் கனமான குமிழ். அழுத்தம் போதிய அளவு வந்ததும் ஆவி இதைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். அந்தச் சத்தம்தான் விசில்.

4. பாதுகாப்பு வால்வு. மூடியின் ஒரு பக்கத்தில் சிறிதாக இருக்கும். பல குக்கர்களில் இதற்குள் எளிதில் உருகும் உலோகம் இருக்கும். குழாய் அடைத்துக்கொண்டாலோ, தண்ணீர் வற்றிவிட்டாலோ சூடு அளவு மீறும். அப்போது இந்த உலோகம் உருகி, ஆவிக்கு வழி விடும். உருகிய வால்வை மாற்றத்தான் வேண்டும். ஆணியோ, மெழுகோ, வேறு எதுவுமோ வைத்து அந்த ஓட்டையை அடைக்கவே கூடாது. அதை அடைத்தால் கடைசிக் காவலையும் நீக்கியதாக ஆகும்.

விபத்து எப்படி நடக்கிறது?

பருப்பு வேகும்போது நுரை பொங்கும். குக்கரை நிறைய நிரப்பியிருந்தால் நுரையும் தோலும் மேலே வந்து ஆவிக் குழாயை அடைக்கும். விசில் வராது. "ஏன் இன்னும் விசில் வரவில்லை?" என்று தீயைக் கூட்டுவார்கள். அல்லது மூடியை நெம்பித் திறப்பார்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் மூடி பறக்கும். கொதிக்கும் பருப்பு முகத்திலும் கையிலும் தெறிக்கும்.

இதைத் தடுப்பது எளிது.

அரிசி, பருப்பு, பயறு ஆகியவற்றை நேரே குக்கரில் போட்டால், தண்ணீரோடு சேர்த்துப் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. மற்ற உணவுகளை மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பலாம். தண்ணீர் இல்லாமல் குக்கரை அடுப்பில் வைக்கவே கூடாது.

ஒவ்வொரு தடவையும் மூடியைக் கையில் எடுத்து, குழாயின் துளை வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் குழாய் சுத்தம். தெரியாவிட்டால் ஈர்க்குச்சியால் குத்தி, தண்ணீரில் கழுவுங்கள். இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

வெயிட்டைத் தனியாகப் போடும் குக்கராக இருந்தால், முதலில் மூடியை மட்டும் போடுங்கள். குழாய் வழியே ஆவி நன்றாக வந்த பிறகு வெயிட்டை வையுங்கள். குழாயில் அடைப்பு இல்லை என்பதும் இதனால் தெரிந்துவிடும்.

வெகு நேரம் ஆகியும் விசில் வரவில்லையா? அடுப்பை அணையுங்கள். விறகு அடுப்பாக இருந்தால் விறகை வெளியே இழுத்துவிடுங்கள். குக்கரைத் தொடாமல், முழுவதும் ஆறும் வரை விட்டுவிடுங்கள். பிறகு திறந்து காரணத்தைப் பாருங்கள்.

விசில் வந்த பிறகு என்ன செய்வது?

முதல் விசில் வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். "தீயைக் குறைத்தால் நேரம் கூடாதா?" என்று கேட்கலாம். கூடாது. குக்கருக்குள் இருக்கும் சூட்டின் அளவைத் தீர்மானிப்பது வெயிட்தான். தீயைப் பெரிதாக வைத்தால் விசில் அதிகம் வருமே தவிர, உணவு வேகமாக வேகாது. ஒவ்வொரு விசிலும் வெளியே போகும் சூடு. அது நாம் காசு கொடுத்து வாங்கிய சூடு.

விசிலை மட்டும் எண்ணிச் சமைப்பதும் சரியாக வராது. சில குக்கர் அடிக்கடி விசில் அடிக்கும். சில குக்கர் மெல்லச் சீறிக்கொண்டே இருக்கும். கடிகாரம் பார்த்து நிமிடக் கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே சிறிது நேரம் வெந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஓரிரு நிமிடம் முன்பே அணைக்கலாம்.

எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் வழிகளை மக்களுக்குச் சொல்வதற்காக, 1978ஆம் ஆண்டில் மத்திய அரசு பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கத்தை அமைத்தது. அந்தச் சங்கம் தரும் கணக்கு இது. சாதாரணப் பாத்திரத்தை விடக் குக்கரில் அரிசி வேகவைத்தால் எரிபொருள் 100க்கு 20 பங்கு மிச்சம். ஊறவைத்த கடலைப்பருப்பு என்றால் 100க்கு 46 பங்கு மிச்சம்.

2016ஆம் ஆண்டு மே மாதம் உஜ்வலா திட்டம் தொடங்கியது. அதன் மூலம் ஏழைக் குடும்பங்களின் பெண்களுக்குக் காஸ் இணைப்பு கிடைத்தது. ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்த சிலிண்டர் வாங்கப் பணம் வேண்டும். ஒரு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ காஸ். அதைச் சில நாள் கூடுதலாக ஓட்டினாலும் குடும்பத்துக்கு லாபம்தான்.

ஒரே குக்கரில் பல சமையல்

அடுக்குச் சமையல்: குக்கரின் அடியில் இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கீழ்க் கிண்ணத்தில் ஊறவைத்த துவரம்பருப்பும் தண்ணீரும். மேல் கிண்ணத்தில் அரிசியும், அதைப் போல இரண்டு மடங்கு தண்ணீரும். இடம் இருந்தால் அதற்கும் மேலே உருளைக்கிழங்கு. ஒரே தீயில் மூன்றும் வெந்துவிடும். கஞ்சி வடிப்பதும் இல்லை. அதனால் தண்ணீரோடு போகும் சத்து சோற்றிலேயே தங்கும்.

பயறு வகை: கொண்டைக்கடலை, ராஜ்மா இரண்டையும் 8 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். புளியும் தக்காளியும் பயறு வேகும் வேகத்தைக் குறைக்கும். அவற்றைப் பிறகு சேருங்கள். சமையல் சோடா போட வேண்டாம். அது பி வைட்டமின் சத்தைக் கெடுக்கும்.

கிச்சடி: இது நம் ஊர் ரவா கிச்சடி அல்ல. வெண்பொங்கலுக்கு நெருங்கிய சொந்தம். பீகாரில் மகர சங்கராந்தி அன்று கிச்சடி செய்வார்கள். வங்காளத்தில் மழை பெய்தால் வறுத்த பாசிப்பருப்பில் கிச்சடி செய்வார்கள். குஜராத்தில் மோர்க்குழம்பு போன்ற கடியோடு சாப்பிடுவார்கள். செய்முறை எளிது. ஐந்து லிட்டர் குக்கரில் சிறிது நெய் விட்டுச் சீரகம் தாளியுங்கள். ஒரு தம்ளர் அரிசி, அரை தம்ளர் பாசிப்பருப்பு, நறுக்கிய உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, மஞ்சள்தூள், உப்பு போடுங்கள். ஐந்து தம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 8 நிமிடம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்ற உணவு இது. பாத்திரம் கழுவும் வேலையும் ஒன்றோடு முடிந்தது.

ஆவியில் அவிப்பது: இட்லிக்கும் குஜராத்தின் டோக்ளாவுக்கும் வெயிட் போடக் கூடாது. குக்கரில் தண்ணீர் கொதித்த பிறகு தட்டை உள்ளே வைத்து, வெயிட் இல்லாமல் மூடுங்கள். இட்லிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். டோக்ளாவுக்கு 15 நிமிடமாவது வேண்டும்.

கீரைக்குக் குக்கர் தேவையில்லை. சாதாரணச் சட்டியிலேயே சில நிமிடத்தில் வெந்துவிடும்.

திறக்கும்போது

அழுத்தம் தானாக இறங்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். பிறகு கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஆவி வந்தால் இன்னும் பொறுங்கள். வராவிட்டால் திறக்கலாம். மூடி இறுகியிருந்தால் தட்டவோ நெம்பவோ கூடாது. திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

ஆவி பட்டுச் சுட்டுவிட்டால், உடனே அந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடவிடுங்கள். குழாய் இல்லையென்றால் குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, மை, எண்ணெய், மாவு எதுவும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. காயம் பெரிதாக இருந்தாலும், முகத்தில் பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாங்கும்போது

மூன்று நான்கு பேருக்கு மூன்று லிட்டர் குக்கர் போதும். ஐந்து ஆறு பேருக்கு ஐந்து லிட்டர் வேண்டும்.

குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு "ஐ.எஸ். 2347" என்ற எண்ணும் இருக்கும். வீட்டுக் குக்கருக்கான தர எண் அது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், இந்த முத்திரை இல்லாத குக்கரை விற்பது சட்டப்படி குற்றம். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். வளையமும் வால்வும் மாற்றும்போது அதே நிறுவனத்தின் பொருளையே கேட்டு வாங்குங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். குறை இருந்து கடைக்காரர் கவனிக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

குக்கர் டப்பாவுக்குள் ஒரு சிறு புத்தகம் இருக்கும். பலர் அதைப் பிரிக்காமலே பழைய தாளோடு போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் குக்கருக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம், வளையத்தை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். படிக்கக் கற்றவர் அதைப் படிக்கலாம். வீட்டில் சமைக்கும் எல்லோருக்கும் படித்துச் சொல்லலாம்.

நினைவில் கொள்ளுங்கள்

1. குழாயின் துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மூடியைப் போடுங்கள்.
2. அரிசி, பருப்பு என்றால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.
3. தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைக்காதீர்கள்.
4. முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள்.
5. அழுத்தம் இறங்கும் முன் மூடியை நெம்பாதீர்கள்.