கண்ணுக்குள்ளே கட்டி

"கட்டின்னு சொல்லிட்டாங்களே மாப்ளே, புற்றுநோயா?"

தருமபுரி பேருந்து நிலையத்து டீக்கடையில் மாமா சீட்டை நீட்டினார். சுகர் இருப்பதால் கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று சேலம் போனவர். சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர் 'வலது கண், பார்வை நரம்பு, மெலனோசைட்டோமா, ஆறு மாதம் கழித்து வரவும்' என்று எழுதியிருந்தார். மாமாவுக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. பேப்பரை இன்னும் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிக்கிறவர்தான்.

இல்லைங்க மாமா, இது சாதுவான கட்டி.

விழித்திரையிலிருந்து வரும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து மூளைக்குப் புறப்படும் வாசல் ஒன்று கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. அகலம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். வெளிச்சத்தை உணரும் செல்கள் அந்த வட்டத்தில் கிடையாது. எல்லோருக்கும் பிறவியிலேயே அந்த இடம் குருடு. மற்றக் கண் ஈடுகட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை. மாமாவின் கட்டி உட்கார்ந்திருப்பது அந்த வாசலில். அதனால்தான் இத்தனை நாளும் தொந்தரவில்லை. இந்தக் கட்டி பெரும்பாலும் வேறு எதற்கோ கண்ணைப் பார்க்கும்போதுதான் அகப்படும்.

பார்க்க எள்ளளவுதான், ஆனால் கரிக்கறுப்பு. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே மெலனின் செல்லுக்குள் திணிந்து கிடக்கிறது. நரம்பிழைகளுக்கு இடையே செல்கள் ஊடுருவி நிற்பதால் ஓரம் பிசிறடித்துத் தெரியும்.

இந்தக் கறுப்புதான் ஒரு காலத்தில் டாக்டர்களையே பயமுறுத்தியது. நரம்பின் மேல் கறுப்புக் கட்டியைக் கண்டால் மெலனோமா என்ற புற்றுநோய் என்று முடிவுகட்டி, கண்ணையே எடுத்துவிடுவார்கள். வாஷிங்டனில் ராணுவ நோயியல் நிறுவனத்தில் இருந்த லாரன்ஸ் சிம்மர்மன் அப்படிப்பட்ட கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நிறமி அவ்வளவு அடர்த்தியாக இருந்தால் செல்லின் உட்கரு தெரியாது. ரசாயனம் போட்டு வெளுக்க வைத்தால்தான் தெரியும். வெளுத்த பின் பார்த்தால் உட்கருக்கள் சிறியவை, ஒரே சீரானவை. புற்றுநோய்க்கு உரிய தாறுமாறான வளர்ச்சி இல்லை. 1962இல் அவரும் காரன் என்பவரும் சேர்ந்து இதை மெலனோசைட்டோமா என்ற தனிப் பெயரோடு எழுதினார்கள். கறுத்த தோல்காரர்களிடமும் இது நிறைய வருவதை சிம்மர்மன் கவனித்திருந்தார். மெலனோமாவோ வெள்ளைக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கும். ஆசியர்களிடம் பல மடங்கு குறைவு.

"அப்போ அந்தக் கண்ணையெல்லாம் எடுத்தது வீண்தானா?"

பல பேருக்கு வீண்தான் மாமா.

பிறகு எதற்கு ஆறு மாதத்தில் வரச் சொல்கிறார்கள் என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பிலடெல்பியாவில் ஷீல்ட்ஸ் தம்பதியின் குழு இந்தக் கட்டி இருந்த 115 பேரைத் தொடர்ந்து கவனித்து 2004இல் எழுதியது. ஐந்து ஆண்டில் நூற்றுக்கு 11 பேருக்கும், பத்து ஆண்டில் 32 பேருக்கும் கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. புற்றாக மாறியது இரண்டே பேருக்கு. அந்த இரண்டுக்காகத்தான் இந்தக் காவல். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாமே என்றால், நரம்பின் வாசலில் ஊசி குத்தினால் பார்வையே போகலாம். ஆகவே இதற்குச் சோதனை என்பது பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். முதல் படம் தொலைந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. படத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். செல்போனில் ஒன்று, மஞ்சப்பையில் ஒன்று.

ஆறு மாதத்துக்குக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. அந்தக் கண்ணில் திடீரென்று பார்வை மங்கினால் உடனே போக வேண்டும். அப்போதும் அது புற்று என்று பதற வேண்டாம். ரத்தம் போதாமல் கட்டியின் ஒரு பகுதி செத்து வீங்குவதுண்டு, பக்கத்து ரத்தக்குழாய் அடைபடுவதும் உண்டு. எதுவென்று டாக்டர் சொல்லட்டும். யாராவது பச்சிலைச் சாறு விடுகிறேன் என்று வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்குவதைத் தவிர அதனால் ஆவது ஒன்றுமில்லை.

மாமாவுக்கு இன்னொரு சந்தேகம். அக்கா மகளுக்குப் பிறந்ததிலிருந்து வலது கன்னத்திலும் வெள்ளைவிழியிலும் நீலச்சாம்பல் திட்டு. இதே ரகமா? இல்லை, அது ஓட்டா மச்சம். ஜப்பானியத் தோல் மருத்துவர் மசாவோ ஓட்டா 1939இல் எழுதியது. ஆசியப் பெண்களிடம் அதிகம். அழகு குறைகிறது என்ற கவலைதான் எல்லோருக்கும். நான் கவலைப்படுவது கண்ணழுத்தத்தைப் பற்றி. அந்தப் பக்கத்துக் கண்ணில் அழுத்தம் ஏறிக் கண் நீர் அழுத்த நோய் வரலாம், வலியே இல்லாமல். அவளையும் ஆண்டுக்கொரு முறை கூட்டிப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் மாமாவின் பார்வைக்கு இந்தக் கட்டியைவிட சுகர்தான் பெரிய எதிரி. நல்லவேளையாக இரண்டுக்கும் ஒரே சோதனை: சொட்டு மருந்து, பின்கண் படம். மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். அதனால் வண்டி எடுக்காமல் பஸ்ஸில், துணைக்கு ஒருவரோடு போவது நல்லது.

"நீயே வாயேன் மாப்ளே" என்றார்.